கேளுங்க மாஸ்டர்: ஆசியக் கோப்பையும் அரியமான் மணலும்

ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அவ்வளவுதான், ராமநாதபுரம் கடற்கரை முழுக்கப் பேனாவை எடுத்துவிட்டது. கிரிக்கெட் கேள்விகள் அடுத்த இதழுக்கு. இந்த முறை பந்து காலில்தான்.

கே: கத்தாரில் வேலை பார்க்கும் என் மகன் போனை எடுத்தாலே ‘ஏ.எஃப்.சி., ஏ.எஃப்.சி.’ என்கிறான். அது ஃபிஃபாவின் ஆசியக் கிளை அலுவலகமா மாஸ்டர்?
— சாகுல், கீழக்கரை

கிளை இல்லை காக்கா, தனிக்குடித்தனம். ஃபிஃபா உலகம் முழுவதற்கும் பொது. அதன் கீழ் கண்டம் வாரியாக ஆறு கூட்டமைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனிச் சட்டதிட்டம், தனிக் கணக்குவழக்கு. ஆசியாவுக்கானதுதான் ஏ.எஃப்.சி.

1954 மே 8 அன்று மணிலாவில் பிறந்தது. இரண்டாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் அப்போது அங்கே நடந்துகொண்டிருந்தன. அந்தச் சமயத்தில் 12 நாட்டுச் சங்கங்கள் கூடி ஆரம்பித்தன. அதில் இந்தியாவும் உண்டு. ஜப்பான், தென் கொரியா, பர்மா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் எல்லாம் அன்றைய கூட்டாளிகள். ஐரோப்பாவின் யூஃபா பிறந்தது அதே வருடம் ஜூன் 15. அதாவது நம்முடையது ஒரு மாதம் மூத்தது. இதைச் சொன்னால் ஐரோப்பிய ஆட்டம் மட்டுமே பார்க்கும் பையன்கள் நம்ப மாட்டார்கள். தென் அமெரிக்காவோ இரண்டு பேருக்கும் பாட்டன், 1916.

இன்றைக்கு 47 உறுப்பினர்கள். தலைமையகம் கோலாலம்பூரில் புக்கிட் ஜாலில். கீழக்கரையிலும் தொண்டியிலும் கோலாலம்பூருக்குப் போய்வந்த ஆள் இல்லாத தெரு ஏது? அந்தப் பெரிய ஸ்டேடியம் பக்கம் போயிருப்பீர்கள், இந்த அலுவலகம் கண்ணில் பட்டிருக்காது. பீட்டர் வேலப்பன் என்ற மலேசிய இந்தியர் 1978 முதல் 2007 வரை அங்கே பொதுச்செயலாளராக இருந்தார். ஆசியக் கால்பந்தின் காகித வேலை முழுவதும் ஏறக்குறைய முப்பது வருடம் அவர் மேசையைத் தாண்டித்தான் போனது.

ஆண்கள், பெண்கள், 17, 20, 23 வயதுக்கு உட்பட்டோர், கிளப்புகள், ஃபுட்சால் என்ற உள்ளரங்க ஐவர் கால்பந்து, கடற்கரைக் கால்பந்து என ஆசிய அளவில் எது நடந்தாலும் இவர்கள் கணக்கு. உலகக் கோப்பைக்கு ஆசியாவிலிருந்து யார் போவது என்ற தகுதிச் சுற்றும் இவர்கள் கையில்தான்.

கே: பூகோளத்தில் ஆஸ்திரேலியா தனிக் கண்டம் என்று படித்தேன். அவர்கள் எப்படி ஆசியாவில்? இஸ்ரேல் ஆசியாவில் இருக்க, ஐரோப்பாவில் ஏன் ஆடுகிறது?
— அந்தோணி, பாம்பன்

தம்பி, பந்து உலகத்தில் அட்லஸ் புத்தகத்தை மூடி வைத்துவிட வேண்டும்.

ஆஸ்திரேலியா 2006 ஜனவரி 1 முதல் ஆசிய உறுப்பினர். அதற்கு முன் ஓசியானியாவில் குட்டித் தீவுகளோடு ஆடி, இருபது முப்பது கோல் அடித்து, கடைசியில் வேறு கண்டத்து அணியோடு ஒரே ஒரு பிளே-ஆஃபில் தோற்று வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நல்ல எதிரி இல்லாமல் நல்ல அணி வளராது என்று புரிந்து இடம் மாறினார்கள். 2015-இல் சொந்த மண்ணில் தென் கொரியாவை 2-1 என வென்று ஆசியக் கோப்பையையும் தூக்கிவிட்டார்கள்.

இஸ்ரேல் கதை அரசியல். 1964 ஆசியக் கோப்பையை நடத்தி ஜெயித்ததே அவர்கள்தான். அரபு நாடுகளும் வேறு சிலரும் அவர்களோடு களமிறங்க மறுத்ததால், 1974-இல் ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். பல வருடம் அங்கும் இங்கும் அலைந்து 1994-இல் யூஃபாவில் முழு உறுப்பினரானார்கள். கஜகஸ்தான் 2002-இல் தானாகவே ஐரோப்பாவுக்கு மாறிக்கொண்டது.

அதே ஆசியாவில்தான் குவாமும் இருக்கிறது. பசிபிக்கில் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட ஒரு தீவு. நம் ராமநாதபுரம் மாவட்ட மக்கள்தொகையில் ஒன்பதில் ஒரு பங்குதான் தேறும். 2015 ஜூனில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா அங்கே போய் 2-1 எனத் தோற்றது. சிரிக்காதீர்கள், அடுத்த பதிலைப் படியுங்கள்.

கே: நாம் ஆரம்பித்து வைத்த அமைப்பு என்கிறீர்கள். 2027 ஆசியக் கோப்பையில் நமக்கு இடம் உண்டா, இல்லையா?
— முருகேசன், மண்டபம்

இல்லை. ஸ்தாபகருக்கென்று தனி நாற்காலி எதுவும் போட்டு வைக்கவில்லை அண்ணே.

சவுதியில் நடக்கும் 2027 கோப்பைக்கு 24 அணிகள். நமக்கு விழுந்த பிரிவு சிங்கப்பூர், ஹாங்காங், வங்கதேசம். முதலிடத்துக்கு மட்டுமே டிக்கெட். குலுக்கல் முடிந்த அன்று நம் ஊர் டீக்கடையில் எல்லோரும் ‘லட்டு குரூப்’ என்றார்கள். நடந்தது என்ன? ஷில்லாங்கில் வங்கதேசத்தோடு 0-0. ஹாங்காங்கில் கடைசி நிமிடப் பெனால்ட்டியில் 0-1. சிங்கப்பூரில் 1-1. அப்புறம் 2025 அக்டோபர் 14, கோவாவின் மட்காவில் அதே சிங்கப்பூர். நம் முன்கள வீரர் சாங்தே ஆரம்பத்திலேயே அடித்துக் கொடுத்தும் அதைக் காப்பாற்றத் தெரியாமல் 1-2. அன்றோடு கதை முடிந்தது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் 0-1. அந்த ஒரு கோலை வங்கதேசம் எப்படிக் கொண்டாடியது என்று பார்த்தீர்களா? நியாயமான கொண்டாட்டம்தான்.

பழைய பெருமையும் கொஞ்சம் இருக்கிறது. 1964-இல் நாம் ஆசியாவில் இரண்டாவது. தென் கொரியாவை 2-0, ஹாங்காங்கை 3-1 என வென்றோம், இஸ்ரேலிடம் 0-2 எனத் தோற்றோம். இதை மேடையில் முழங்குபவர்கள் இரண்டு விஷயத்தை விழுங்கிவிடுவார்கள். அந்தக் கோப்பையில் மொத்தமே நான்கு அணிகள். தகுதிச் சுற்றில் நம் எதிரிகள் விலகிக்கொண்டதால் நாம் ஆடாமலேயே உள்ளே போனோம். ஆனால் தென் கொரியாவை வென்றது நிஜம். முந்தைய இரண்டு கோப்பைகளையும் எடுத்தவர்கள் அவர்கள்.

அப்புறம் 1984, 2011, 2019, 2023. இதில் எனக்கு இன்றும் வயிறு எரிவது 2019. தாய்லாந்தை 4-1 என அடித்த அணி அது. பஹ்ரைனோடு டிரா செய்தாலே அடுத்த சுற்று. தொண்ணூறு நிமிடமும் தாக்குப்பிடித்தாயிற்று. கூடுதல் நேரத்தில் ஒரு பெனால்ட்டி, 0-1, மூட்டை கட்டு. 2023 கோப்பையில் மூன்று ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை.

ஜப்பான், ஈரானிடம் தோற்பதால் நாம் வெளியே நிற்கவில்லை. நம்மைப் போன்றவர்களிடம், அதுவும் நம் வீட்டிலேயே புள்ளியைத் தொலைப்பதால் நிற்கிறோம். என்னைக் கேட்டால் பெரிய பெயருள்ள அணிகளோடு நட்புறவு ஆட்டம் ஆடிப் படம் பிடித்துக்கொள்வதை நிறுத்திவிட்டு, சிங்கப்பூரையும் ஹாங்காங்கையும் வருடத்துக்கு நாலு தடவை கூப்பிட்டு ஆட வேண்டும்.

கே: 2024-இல் தோஹாவில் கத்தார் நமக்கு எதிராக அடித்த அந்தக் கோல்... பந்து வெளியே போனதா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.
— ராஜா, தேவிபட்டினம்

போனது. முழுதாகப் போனது. வெளியே போன பந்தைக் காலால் உள்ளே இழுத்து அடித்தார்கள். அந்தச் சுற்றில் வீடியோ நடுவர் கிடையாது. 1-2, உலகக் கோப்பைக் கனவு காலி. ஆனால் தம்பி, அதே தகுதிச் சுற்றில், அதே வருடம் மார்ச்சில் குவாஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 எனத் தோற்றோமே, அந்தப் பந்து எங்கே போனது?

கே: ஆண்கள் கதையே பேசுகிறீர்கள். பெண்கள் அணி ஆசியாவில் எங்கே இருக்கிறது?
— பிளஸ் டூ மாணவி, தங்கச்சிமடம்

வாம்மா, நல்ல கேள்வி. ஆண்களை விட மேலே.

2025 ஜூலை 5, தாய்லாந்தில் சியாங் மாய். மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்தேயை 4-0, ஈராக்கை 5-0 என முடித்துவிட்டு, கடைசியாகத் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். தகுதிச் சுற்று ஆடி ஜெயித்து ஆசியக் கோப்பைக்குள் நம் பெண்கள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. 2026 ஆஸ்திரேலியாவுக்கான டிக்கெட் அது. ஆண்கள் ‘லட்டு குரூப்’பில் வழுக்கிய அதே வருடம் என்பதைக் கவனி.

பழைய கதையும் உண்டு. கோழிக்கோட்டில் நடந்த கோப்பையிலும், அப்புறம் 1983-இலும் இந்தியா இரண்டாம் இடம். அந்தக் காலத்தில் பெண்கள் ஆட்டத்தை ஏ.எஃப்.சி. தொடவே இல்லை. பெண்களுக்கென்று தனியாக ஒரு ஆசியச் சங்கம் நடத்தியது. 1986-இல்தான் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். 2022-இல் நாமே கோப்பையை நடத்தினோம். ஈரானோடு 0-0 ஆடி முடித்த கையோடு முகாமில் கொரோனா பரவி, அடுத்த ஆட்டத்துக்கு 13 பேரைக்கூடத் தேற்ற முடியவில்லை. விதிப்படி விலகியதாக எடுத்துக்கொண்டார்கள். விருந்து கொடுத்தவன் பந்தியில் உட்காராத கதை.

தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-இலும் 2023-இலும் தேசிய சாம்பியன். கடலூர் இந்துமதி இந்தியாவுக்கு ஆடியதோடு, நம் மாநில போலீஸில் எஸ்.ஐ.யும்கூட. உங்கள் அம்மா ‘பந்து சோறு போடுமா’ என்று கேட்டால் இதைச் சொல்.

கே: மகனுக்கு 16 முடிந்துவிட்டது. நன்றாக ஆடுகிறான். ஒரு பயிற்சியாளர், ‘வயதில் ரெண்டைக் குறைத்துப் புதுச் சான்றிதழ் வாங்குங்க, இந்தியா டீமுக்கே போகலாம்’ என்கிறார். செய்யலாமா?
— ஒரு தாய், பெரியபட்டினம்

செய்யாதீர்கள் தங்கச்சி. அந்த ஆளை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நேர்மை கிடக்கட்டும், காரியத்துக்கே ஆகாது. 17 வயதுக்கு உட்பட்ட ஆசியப் போட்டியில் பையன்களின் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறார்கள். முன்கை எலும்பு மணிக்கட்டில் வந்து முடியும் இடத்தில், எலும்பு வளர்வதற்கென்று ஒரு மெல்லிய குருத்துத் தட்டு இருக்கும். படத்தில் ஒரு கோடு போலத் தெரியும். வயது ஏற ஏற அந்தக் கோடு நடுவிலிருந்து மறைந்துகொண்டே வரும். எலும்பு முழுதாக ஒட்டிக் கோடு சுத்தமாகப் போய்விட்டால், சான்றிதழ் என்ன சொன்னாலும் பையன் ஆட முடியாது. ஒட்டியது எத்தனை பங்கு என்று ஆறு படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆறாவது படி என்றால் வெளியே. பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுதியதை மாற்றலாம், மணிக்கட்டில் எழுதியதை மாற்ற முடியாது.

இன்னொன்று. ஆட்டக்காரர் பதிவு இப்போது நாடு முழுவதும் ஒரே கணினியில் இருக்கிறது. ஒரு பிறந்த தேதி அதில் ஏறிவிட்டால், நாளைக்குப் பள்ளிச் சான்றிதழும் ஆதாரும் வேறு தேதி சொல்லும்போது மாட்டுவது பையன்தான். ‘குறைங்க’ என்று சொன்னவர் அன்றைக்குப் போனை எடுக்க மாட்டார். இந்தக் கடற்கரையில் நல்ல இடதுகால் ஆட்டக்காரன் ஒருவன் இப்படித்தான் வீணாய்ப் போனான். ஊர் பேர் வேண்டாம், இன்றைக்கு ஐஸ் கம்பெனியில் பெட்டி தூக்குகிறான்.

16 என்றால் 16. இருபது வயதுக்கு உட்பட்டோர் அணி இருக்கிறது, 23 இருக்கிறது. பக்கத்து மாவட்டத்துக் கண்டனூரிலிருந்து போன சிவசக்தி பெங்களூர் அணிக்கு ஆடவில்லையா? பையனின் அசல் பிறப்புச் சான்றிதழில் பெயர், இனிஷியல், அப்பா பெயர் எல்லாம் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் இந்த வாரமே பாருங்கள். நம் பக்கத்தில் பாதிப் பையன்கள் தடுக்கி விழுவது அந்த இனிஷியலில்தான்.

கே: ஷேக்குகள் பணத்தைக் கொட்டி ஆசியக் கால்பந்தையே வாங்கிவிட்டார்கள் என்கிறேன் நான். சரியா?
— இப்ராஹிம், ஏர்வாடி

பாதி சரி. தலைவர் ஷேக் சல்மான் பஹ்ரைன்காரர், 2013 முதல் இருக்கிறார். அவருக்கு முந்தைய பெரிய தலைவர் பின் ஹம்மாம் கத்தார்காரர், ஃபிஃபா ஆயுள் தடை போட்டு அனுப்பியது. 2023 கோப்பை சீனாவுக்குக் கொடுக்கப்பட்டது. கொரோனாவைக் காட்டி அவர்கள் கைகழுவ, கத்தார் எடுத்துக்கொண்டு 2024 தொடக்கத்தில் நடத்தியது. லுசைல் இறுதியாட்டத்தில் ஜோர்டானை 3-1 என வென்றது. மூன்று கோலும் அக்ரம் அஃபீஃப், மூன்றும் பெனால்ட்டி. 2027-ஐ நடத்த நாமும் மனுப் போட்டோம். 2022 டிசம்பரில் நாமே வாபஸ் வாங்க, சவுதிக்குப் போனது.

ஆனால் ஓட்டு என்று வந்தால் கத்தாருக்கும் ஒன்று, பூட்டானுக்கும் ஒன்று. நூற்று நாற்பது கோடி என்று மார்தட்டும் நமக்கும் ஒன்றுதான். பணம் இருப்பவன் ஸ்டேடியத்தையும் ஹோட்டலையும் காட்டுகிறான், மற்றவர்கள் கை தூக்குகிறார்கள். நம் ஊர் கூட்டுறவுச் சங்கத் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கே: ரொனால்டோ கோவாவுக்கு வந்தாரா?
— சேது, ராமேஸ்வரம்

வரவில்லை. அவருடைய சவுதி கிளப் அல் நாசர் வந்தது. 2025 அக்டோபர் 22, ஏ.எஃப்.சி.யின் இரண்டாம் தரக் கிளப் போட்டி. கோவா 1-2 எனத் தோற்றாலும் பிரைசன் அடித்த கோலுக்காகப் பார்க்கலாம். ரொனால்டோவுக்கென்று டிக்கெட் வாங்கியவர்களைப் பார்த்துத்தான் எனக்குப் பாவமாக இருந்தது. அதே போட்டியில் ஈரானுக்குப் போக மாட்டோம் என்று கொல்கத்தா கிளப் மோகன் பகான் இரண்டு வருடம் தொடர்ந்து விலகியது. பாதுகாப்புப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் போகவே முடியாது என்றால் ஆசியப் போட்டிக்கு ஏன் பெயர் கொடுக்க வேண்டும்?

கே: அக்கரையில் மன்னார்ப் பையன்கள் பிரமாதமாக ஆடுகிறார்கள். இலங்கையை ஒரு சமயம் தடை செய்தார்களாமே, ஏன்?
— செல்வம், தனுஷ்கோடி சாலை, ராமேஸ்வரம்

2023 ஜனவரியில் ஃபிஃபா தடை போட்டது, ஆகஸ்டில் நீக்கியது. நமக்கும் 2022 ஆகஸ்டில் அதே கதிதான், பதினைந்து நாளுக்குள் சரியானது. காரணம் ஒன்றே: சங்கத்தைச் சங்கம்தான் நடத்த வேண்டும், வெளியாள் கை வைத்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். இங்கே நீதிமன்றம் அமைத்த நிர்வாகக் குழு, அங்கே அரசாங்கத்தின் தலையீடு.

தடை விழுந்தால் யாருக்கு அடி? நாற்காலியில் இருப்பவருக்கு இல்லை. நம் தடையின்போது கோகுலம் கேரளா பெண்கள் ஆசியக் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்டில் போய் இறங்கியிருந்தார்கள். பூட்ஸ் கட்டாமலே திரும்பினார்கள்.

இலங்கையும் நாமும் ஆசியக் கூட்டமைப்புக்குள்ளேயே தெற்காசியச் சங்கத்தில் ஒரே வீடு. தெற்காசியக் கோப்பையை இந்தியா ஒன்பது தடவை எடுத்திருக்கிறது. 1995-இல் இலங்கை எடுத்தது.

கே: அரியமான் பீச்சில் சாயங்காலம் நாங்கள் ஆடுவதைப் பார்த்து ஒருவர், ‘இதுக்கும் ஆசியக் கோப்பை இருக்கு’ என்றார். கிண்டலா, நிஜமா?
— தினேஷும் நண்பர்களும், உச்சிப்புளி

நிஜம். 2025 மார்ச்சில் தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்தது, ஈரான் எடுத்தது. 2007-க்குப் பிறகு இந்தியாவும் அணி அனுப்பியது. தேசிய அளவிலும் ஆரம்பித்துவிட்டார்கள்: 2025 மே மாதம் டையூவில் நடந்த கேலோ இந்தியா பீச் போட்டிகளில் இதுவும் ஒன்று.

ஆனால் நீங்கள் ஆடுவது அது இல்லை தம்பி. நான் அரியமானில் பார்த்ததெல்லாம் ஒரு பக்கம் பதினைந்து பேர், செருப்புதான் கோல் போஸ்ட். கடற்கரைக் கால்பந்தில் பக்கத்துக்கு ஐந்து பேர், கோலியோடு சேர்த்து. பன்னிரண்டு நிமிடமாக மூன்று பகுதி. ஆளை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். வெறுங்கால்தான், பூட்ஸ் போட்டால் ஆட விடமாட்டார்கள். மணல் 40 சென்டிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். டிரா என்பதே கிடையாது.

ஆட்டமும் வேறு. மணலில் பந்தை உருட்டிக் கொடுத்தால் பாதியில் குழியில் நின்றுவிடும். கால் பெருவிரலைப் பந்துக்கு அடியில் கொடுத்துச் சுண்டி, முழங்கால் உயரத்துக்கு எழுப்பி, கீழே விழுவதற்குள் அடிக்க வேண்டும். வலை இழுத்து வளர்ந்த பையன்களுக்கு மணலில் கால் ஊன்றுவது தானாக வரும், பட்டணத்துப் பையன் ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்குவான். விசைப்படகுத் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில் ஆள் பஞ்சமே இல்லை. அந்த இரண்டு மாதத்தில் மண்டபம் முதல் தொண்டி வரை ஐவர் போட்டி ஒன்றை முறையான விதியோடு நடத்த எந்த மன்றமாவது முன்வந்தால், விசில் ஊத நான் வருகிறேன். பயணப்படி வேண்டாம், மதியம் மீன் குழம்பு போதும்.

ஆடும் முன் கரையோரம் ஒருவன் நடந்து கருவை முள்ளைப் பொறுக்கிவிடுங்கள். காலுக்காக மட்டும் சொல்லவில்லை. சீமைக்கருவை முள் பந்தில் ஏறினால் நுனி ஒடிந்து உள்ளேயே நிற்கும், காற்று உடனே போகாது. அரை மணி கழித்துப் பந்து தொளதொளவென்று ஆனபின் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வீர்கள். வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பாருங்கள். முள்ளை எடுக்காமல் பஞ்சர் ஒட்டினால் மறுநாளும் அதே கதை.

கே: எங்கள் மைதானத்தில் கச்சான் காற்று அடித்தால் பந்து பாக் ஜலசந்திக்கே போய்விடுகிறது. டாஸ் ஜெயித்தால் பந்தை எடுப்பதா, பக்கத்தை எடுப்பதா?
— ஹாஜா, தொண்டி

2019 முதல் இரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கச்சான் நாளில் யோசிக்காமல் பக்கத்தை எடுங்கள், அதுவும் காற்று முதுகில் இருக்கும் பக்கத்தை. நாலரை மணி ஆட்டமென்றால் முதல் பாதியில்தான் காற்று முழு வேகம். பொழுது சாயும்போது அது தணிந்துவிடும், அப்போது எதிரணிக்கு அந்தச் சலுகை கிடைக்காது. முதல் பாதியில் தூரத்திலிருந்தே அடிக்கச் சொல்லுங்கள். பக்கம் மாறியதும் கோலியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: கோல் கிக்கைத் தூக்கி அடிக்காதே, பக்கத்தில் நிற்கும் பின்கள ஆட்டக்காரனுக்குத் தரையோடு கொடு.